மாவுக்கட்டா, ஃபைபர் கட்டா?

முறிந்த எலும்பைச் சேர்ப்பது உடல்தான்; முறிவில் உறைந்த ரத்தம் மெல்லிய திசுவாகி, வாரக்கணக்கில் கெட்டிப்படும். அதுவரை அசையாமல் பிடிப்பதே கட்டின் வேலை. அதில் மாவுக்கட்டும், கண்ணாடி இழையாலான ஃபைபர் கட்டும் சமம்.

செலவு: மாவு மலிவு, ஃபைபர் கூடுதல்.
எடை: மாவு கனம், ஃபைபர் லேசு.
காய்வது: மாவு முழுதாகக் காய 2, 3 நாள், ஃபைபர் அரை மணியில் கெட்டி.
தண்ணீர்: மாவு இளகிவிடும். ஃபைபர் தாங்கும், ஆனால் உள்ளிருக்கும் பஞ்சு நனைந்தால் தோல் புண்ணாகும். "ஃபைபர்தானே" என்று குளித்துவிடாதீர்கள்!

முறிந்த புதிதில் வீக்கம் இருக்கும். அப்போது முழுதும் சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் வைக்கும் பாதி மாவுக்கட்டே நல்லது. வீக்கம் வடிந்தபின், நடமாட வேண்டியவர்களுக்கு ஃபைபர்.

எதுவானாலும், விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.