எலுமிச்சைச் சக்கையின் நார்ச்சத்தை அளக்க எந்த முறை?

புளியங்குடியில் சாறு பிழிந்தபின் குவியும் எலுமிச்சைத் தோல், களக்காட்டில் குலை வெட்டியபின் வயலில் கிடக்கும் ஏத்தன் வாழைத்தண்டு. இரண்டிலும் எவ்வளவு நார்ச்சத்து என்று எங்கள் ஆய்வகத்தில் அளந்து தர வேண்டியிருந்தது. நான் நொதி முறையைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

கச்சா நார் முறை மலிவு. 1.25 சதவீதக் கந்தக அமிலத்தில் அரை மணி நேரம், அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் போதும். மாட்டுத் தீவனத்துக்குச் சரி. மனிதர் உண்ணும் உணவுக்கு ஆகாது. நாரின் ஒரு வகையான ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதி அந்தக் கொதியிலேயே கரைந்துவிடும்.

மாதிரியை டிடர்ஜென்ட் கரைசலில் கொதிக்கவிடும், வான் சோஸ்ட் என்ற அறிவியலாளரின் முறை அதைவிட மேல். வாழைத்தண்டு மட்டும் வந்திருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன்.

எலுமிச்சைத் தோலின் செல்வமே நீரில் கரையும் நாரான பெக்டின்தான். டிடர்ஜென்ட் கரைசலில் அது கரைந்து வடிநீரோடு போய்விடுகிறது. நான் தேர்ந்த நொதி முறை, பகுப்பாய்வு முறைகளை வகுக்கும் ஏஓஏசி அமைப்பின் 991.43. அதில் அமைலேஸ், புரோட்டியேஸ், அமைலோகுளூக்கோசிடேஸ் என்ற மூன்று நொதிகளும் மாவுச்சத்தையும் புரதத்தையும் செரித்துவிடும். கரையாத நாரை வடித்தெடுத்தபின், தெளிந்த வடிநீரில் 60 டிகிரிக்குச் சூடாக்கிய எத்தனாலை நான்கு பங்கு ஊற்றினால், சற்றுமுன் கண்ணுக்கே தெரியாதிருந்த பெக்டின் வெள்ளைக் கூழாகத் திரண்டு இறங்கும். சக்கை கொண்டுவந்த அண்ணாச்சி, "பழைய சீட்டில் இவ்வளவு இல்லையே" என்றார். அவரிடம் இருந்த பழைய சோதனைச் சீட்டு கச்சா நாருக்கானது. கரையும் நார் என்ற வரியே அதில் கிடையாது.

சிரமம் வடிகட்டுவதில்தான். அந்தக் கூழ், குரூசிபிள் என்ற வடிகிண்ணத்தில் உள்ள செலைட் (வடிகட்ட உதவும் நுண்தூள்) படுகையை அடைத்துக்கொள்ளும். முதல் நாள் அவசரப்பட்டு பம்பை முழு வேகத்தில் வைத்தேன். படுகை இறுகி, சொட்டுக்கூட இறங்கவில்லை. இப்போது மேலே தெளிந்த நீரை முதலில் விட்டு, கூழைக் கடைசியாக, மெல்லிய உறிஞ்சலில் இறக்குகிறேன். இணை மாதிரிகளில் ஒன்று புரதத்துக்கு, மற்றொன்று 525 டிகிரியில் சாம்பலுக்கு. இரண்டையும் எடையில் கழிக்காவிட்டால் கணக்கு கூடிவிடும். நொதிகளுக்கு விலையும் உண்டு, குளிர்பதனமும் வேண்டும். ஆனாலும் எலுமிச்சைக்கு வேறு வழியில்லை.

பச்சை வாழைக்காய்க் கழிவு வந்தால் எதிர்ப்பு மாவுச்சத்தையும் (எளிதில் செரிக்காத மாவுச்சத்து) சேர்த்து அளக்கும் ஏஓஏசி 2009.01 பொருந்தலாம். அதை நான் கையால் செய்ததில்லை. எனவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.