மந்தணக் கோப்பைப் பெற இரண்டு வழிகள்: தகவல் உரிமை மனுவா, நீதிமன்ற மனுவா?

தக்கலையில் அரசுப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் அண்ணன் மீது குற்றவியல் வழக்கு வந்தது. மேலதிகாரி எழுதிக் கொடுத்த உத்தரவின்படியே அவர் நடந்தார் என்பதற்கான சான்று, ‘மந்தணம்’ (இரகசியம்) என்று முத்திரையிட்ட ஒரு கோப்பின் குறிப்புப் பக்கங்களில் மட்டுமே இருந்தது. குற்றப்பத்திரிகையோடு தந்த நகல்களில் அந்தக் கோப்பு இல்லை. அதைப் பெறுவதற்கு இரண்டு வழிகளிலும் முயன்றவன் என்ற முறையில், கோப்பை வரவழைக்கும்படி வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் கேட்கும் மனுவே மேல் என்பேன்.

தகவல் உரிமை மனுவின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததே: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், காரணம் சொல்லத் தேவையில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்துக்கும் மேலாக நிற்கிறது. ஆனால் வழக்கு நடத்துவதற்கு இடையூறாகும் தகவலைத் தர மறுக்க 8-ஆம் பிரிவில் இடம் உண்டு; எங்களுக்கும் அதையே காட்டி மறுத்தார்கள்.

என் மனத்தில் வழக்கறிஞர் செலவையும் காலதாமதத்தையும் விடக் கனமாக நின்றது, கோப்பைப் பார்த்து முடிவெடுப்பவர் யார் என்பதுதான். தகவல் உரிமையில் முதல் பதிலைத் தருபவரும் முதல் மேல்முறையீட்டைக் கேட்பவரும் அதே துறையின் அலுவலர்கள். நீதிமன்றத்திலோ, சாட்சியச் சட்டத்தின் பழைய 123-ஆம் பிரிவின்படி (இன்றைய பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 129) துறை கோப்பை மறைக்க விரும்பினாலும், அதற்கான காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். அது நிறைவு தராவிட்டால் நீதிபதியே ஆவணத்தை வரவழைத்துப் படிக்கலாம் என்று ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்ப்பளித்தது. நாகர்கோவிலில் அரக்கு முத்திரையிட்ட உறையில் கோப்பு வந்தது. நீதிபதி தமது அறையில் அதைப் படித்துவிட்டு, எங்களுக்குத் தேவையான மூன்று பக்கங்களுக்கு மட்டும் நகல் தர அனுமதித்தார். பச்சை மையில் மேலதிகாரி இட்ட சுருக்கொப்பத்தைக் கண்டதும் அண்ணன் வெகுநேரம் பேசவில்லை.

இவ்வழிக்கும் இடர் உண்டு. குற்றச்சாட்டு வனையும் (நீதிமன்றம் குற்றச்சாட்டை முறைப்படி பதியும்) கட்டத்தில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் தரப்பு ஆவணங்களை இவ்வாறு கோர முடியாது என்று தேவேந்திரநாத் பாதி வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், எங்கள் தரப்புச் சாட்சியக் கட்டம் வரை நாங்கள் காத்திருந்தோம். மேலும், எந்தக் கோப்பு என்று துல்லியமாகச் சொல்லாமல் பொதுப்படக் கேட்டால் மனு நிற்பது கடினம். தகவல் உரிமை மனு உதவியது இந்த இடத்தில்தான்: கோப்பை மறுத்த அதே பதிலோடு தன்பதிவேட்டுப் (அலுவலர் தம்மிடம் வரும் தாள்களைப் பதியும் பதிவேடு) பக்கத்தின் நகலும் வந்தது, கோப்பை அடையாளம் காட்டும் ந.க. எண்ணும் தேதியும் அதிலிருந்தே கிடைத்தன. ஆகவே பதிவேட்டை அந்த வழியிலும், கோப்பை நீதிமன்றத்திலும் கேளுங்கள்.

எங்கள் வழக்கு அலுவல் இரகசியச் சட்டத்தின் கீழ் வந்ததன்று. அத்தகைய வழக்கில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. எனினும், அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு விசாரணையிலிருந்து பொதுமக்களை விலக்கிவைக்கலாமே ஒழிய, எதிரிக்குரிய நகல்களைப் பறிக்காது என்று சத்யேன் பௌமிக் வழக்கில் 1981-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அந்நிலையில் இருப்பவர் முதல் நாளே தம் வழக்கறிஞரிடம் இத்தீர்ப்பைப் பற்றிக் கேட்க வேண்டும்.