மேலே திருப்பினால் சுணங்கும் ஸ்கோப்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

மேல் திருகு சுணங்குகிறது என்று சர்வீசுக்கு அனுப்பிய ஸ்கோப், அதாவது ரைபிளின் குறிபார்க்கும் தொலைநோக்கி, திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு துண்டுத்தாள். பரிசோதித்தார்களாம், எல்லாம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கிறதாம். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள், குறுக்குக்கோடு எவ்வளவு நகர்ந்தது என்று ஒரு வரி கிடையாது. நான் பக்கம் பக்கமாக அளவுகளை எழுதி அனுப்பியிருந்தேன். அதைப் படித்ததற்கான அறிகுறியே இல்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இந்த ஸ்கோப்பிடம் உள்ள நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது அதற்குத் தகுதியானது.

இது 4-12×40 வகை, அதாவது 4 முதல் 12 மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன் லென்ஸ். திருகின் ஒவ்வொரு கிளிக்குக்கும் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), மேலும் கீழுமாகச் சேர்த்து 60 எம்ஓஏ நகர்வு, முன் லென்ஸ் வளையத்தைத் திருப்பிப் பேரலாக்ஸ் சரிசெய்யும் வசதி. குழலை மடித்து ஸ்பிரிங் ஏற்றும் ஏர் ரைபிளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் சுடுவது இலக்கு அட்டைகளை மட்டுமே, 10 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை.

அந்த முன் வளையம்தான் இதன் சிறப்பு. கண்ணை ஸ்கோப்பின் மையத்தில் இருந்து சற்று விலக்கினால், துப்பாக்கி அசையாதபோதே குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வதுபோலத் தெரியும். இதுதான் பேரலாக்ஸ், பாடப்புத்தகம் சொல்லும் இடமாறு தோற்றப் பிழை. இது எவ்வளவு பெரிய பிழை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 40 மில்லிமீட்டர் முன் லென்ஸ் கொண்ட ஸ்கோப் ஒன்று 100 மீட்டருக்கு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து 50 மீட்டரில் சுட்டால், கண் ஓரத்துக்குப் போகும்போது குறி 10 மில்லிமீட்டர் வரை விலகலாம். 25 மீட்டரில் 15 மில்லிமீட்டர் வரை. சர்வதேசப் போட்டிகளின் 50 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். கன்னத்தை ஒரே இடத்தில் பதிக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பிழை குறையும், ஆனால் முழுதாகப் போகாது. இந்த ஸ்கோப்பில் வளையத்தைச் சரியாக நிறுத்திவிட்டால் தலையை எப்படி ஆட்டினாலும் கோடு அட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

வளையத்தில் பொறித்திருக்கும் தூர எண்களை மட்டும் நம்ப வேண்டாம். நாடாவால் அளந்த தூரத்தில் அட்டையை வைத்து, தலையை மெல்ல ஆட்டி, கோடு நிலைக்கும் இடத்தில் வெள்ளை நாடா ஒட்டிக் குறித்துக்கொள்வதே முறை. எண் தள்ளி இருப்பது பெரும்பாலான ஸ்கோப்புகளில் உள்ளதுதான். அதற்காக இதைக் குறை சொல்ல மாட்டேன்.

உருப்பெருக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 12-இல் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 40-ஐ 12-ஆல் வகுத்த அளவு, அதாவது 3.3 மில்லிமீட்டர். மாலையில் படம் மங்குகிறது, கண்ணை நகர்த்த இடமும் இல்லை. 8-இல் வைத்தால் 5 மில்லிமீட்டர். நான் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். குறுக்குக்கோட்டில் உள்ள புள்ளிகளின் இடைவெளி 12-இல் மட்டுமே உண்மையான அளவு, 6-க்குக் குறைத்தால் அதே இடைவெளி அட்டையில் இரண்டு மடங்கு ஆகிவிடும். புள்ளியை வைத்து ஏற்றிக் குறிபார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இனி, குண்டு விழும் இடத்தை மேலும் கீழும் மாற்றும் மேல் திருகைப் பற்றி.

ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. மேல் திருகின் முனை அதை மேலிருந்து அழுத்துகிறது, பக்கத் திருகின் முனை பக்கவாட்டில் அழுத்துகிறது, எதிர்ப்புறம் இருந்து ஒரு ஸ்பிரிங் தாங்குகிறது. ‘கீழே’ என்று திருப்பினால் திருகு இறங்கி உள்குழாயைத் தானே தள்ளும், அதில் தவறு நேர வாய்ப்புக் குறைவு. ‘மேலே’ என்று திருப்பினால் திருகு வெறுமனே விலகிக்கொள்கிறது. உள்குழாயைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் போக வேண்டியது அந்த ஸ்பிரிங்கின் வேலை. திருகு எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவுக்கு ஸ்பிரிங் தளர்கிறது. தளர்ந்த ஸ்பிரிங் சுணங்கும். கிளிக் சத்தம் கேட்கும், விரலுக்கும் கிளிக் தெரியும், ஆனால் கோடு நகராது.

என் ஸ்கோப்பில் நடப்பது இதுதான். சுட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். ரைபிளின் சிதறல், பெல்லட்டின் (ஏர் ரைபிள் குண்டின்) குறை, மூச்சு எல்லாம் சேர்ந்து இரண்டு கிளிக் பிழையை மூடிவிடும். அதனால் சுடாமலே சோதிக்க வேண்டும். ஸ்கோப்பை மட்டும் கழற்றி, பொருத்தும் வளையங்களோடு பட்டறை வைஸில் ரப்பர் வைத்து இறுக்கினேன். நாடாவால் அளந்து 25 மீட்டரில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, அதன் நடுவே தூக்குக்குண்டு தொங்கவிட்டு நேர்க்கோட்டைச் சரிபார்த்தேன். கோடு 3 டிகிரி சாய்ந்திருந்தால்கூட 10 எம்ஓஏ ஏற்றும்போது குறி சுமார் 4 மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஓடிவிடும். ஆகையால் தூக்குக்குண்டு கட்டாயம்.

25 மீட்டரில் ஒரு கால் எம்ஓஏ கிளிக் 1.8 மில்லிமீட்டர். 40 கிளிக் திருப்பினால் 7.3 சென்டிமீட்டர் நகர வேண்டும். ஸ்கோப் அசையாமல் இருப்பதால், ‘மேலே’ திருப்பும்போது கோடு தாளில் கீழே இறங்கும். நகர்வெல்லையின் நடுப்பகுதியில் கணக்கு மிகச் சரியாக வந்தது. போன அத்தனை கிளிக்கும் திரும்பியபோது கோடு பழைய கட்டத்தின் மூலையிலேயே வந்து உட்கார்ந்தது. இந்த விலைப் பிரிவில் அது சாதாரணம் இல்லை, மனதாரப் பாராட்டுகிறேன்.

மேல் எல்லையை நெருங்கியபோதுதான் குணம் மாறியது. ஒரு கிளிக், கோடு நின்ற இடத்தில் நிற்கிறது. இன்னொன்று, அப்போதும் அசைவில்லை. மூன்றாவதில் அரைமனதாகச் சிறிது இறங்குகிறது. பென்சிலின் பின்முனையால் திருகின் மூடியை மெல்லத் தட்டினேன். கோடு சட்டென்று ஒரு கட்டத்தில் பாதிக்கு மேல் கீழே குதித்தது. என் கண் முன்னே குதித்தது. இதை எந்த வரம்புக்குள் சேர்த்தார்கள்?

ரைபிளில் இந்தத் தட்டலைச் செய்வது அடுத்த குண்டு. அதுவும் ஸ்பிரிங் ஏர் ரைபிள் என்றால் கேட்கவே வேண்டாம். வெடிமருந்துத் துப்பாக்கி சுடுபவரின் தோளை நோக்கிப் பின்னுக்கு உதைக்கும், அவ்வளவுதான். இதில் பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே போகிறது, பிஸ்டன் அமுங்கிய காற்றில் முட்டி நிற்கும்போது ரைபிள் முன்னே இழுபடுகிறது. ஒரே குண்டுக்கு இரண்டு திசையிலும் அதிர்ச்சி. பெரிய வேட்டைத் துப்பாக்கியில் நன்றாக உழைத்த ஸ்கோப்கூட இதன் மேல் சீக்கிரம் கெட்டுப்போவது இதனால்தான். திருப்பிய பிறகு முதல் குண்டு பழைய இடத்தில் விழுகிறது, அடுத்தது தாண்டி விழுகிறது. சுடுபவர் தன் கையைச் சந்தேகிக்கிறார், பெல்லட்டை மாற்றுகிறார், கன்னத்தை மாற்றி வைக்கிறார். குற்றம் ஸ்கோப்புக்குள் இருக்கிறது.

இதற்கு வழி உண்டு. ‘மேலே’ போக வேண்டுமானால் நாலைந்து கிளிக் கூடுதலாகத் திருப்பிவிட்டு, தேவையான எண்ணுக்குக் கீழ்நோக்கித் திரும்பி வரலாம். கடைசி அசைவு திருகு தள்ளும் அசைவாக இருக்கும். அதைவிட நிலையான தீர்வு பொருத்தும் வளையத்தில் இருக்கிறது. குழல் மடியும் ரைபிள்கள் பலவற்றில் குழலின் முனை சற்றுத் தாழ்ந்தே இருக்கும். அதை ஈடுகட்டவே திருகை மேல் எல்லை வரை ஓட்ட வேண்டியிருக்கிறது. பின்பக்கம் உயரமான சரிவு மவுண்ட் போட்டால் அந்த வேலையை மவுண்டே செய்துவிடும், திருகு நடுப்பகுதியிலேயே நிற்கும், ஸ்பிரிங்கும் இறுக்கமாக இருக்கும். நான் மாற்றிவிட்டேன். இப்போது குறி நிலையாக நிற்கிறது. போன வாரம் 50 மீட்டரில் விழுந்த குண்டுகளைப் பார்த்தால் இந்த ஸ்கோப்பின் மேல் யாருக்கும் புகார் வராது.

எனக்கு வருகிறது. பெட்டியின் மேல் 60 எம்ஓஏ என்று அச்சிட்டு விற்கிறார்கள். அந்த அறுபதும் வேலை செய்ய வேண்டும். கடைசிப் பகுதியில் ஸ்பிரிங் சுணங்கும் என்றால், உண்மையில் உழைக்கும் அளவை மட்டும் அச்சிடட்டும். ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று சொல்லி விற்றவர்கள், தாழ்ந்த குழலைப் பற்றிக் கையேட்டில் ஒரு பத்தி எழுதியிருக்கலாம். அளவுகளோடு புகார் அனுப்பியவருக்கு அளவுகளோடு பதில் சொல்வது அதைவிட எளிது. கண்ணாடி அருமை, முன் வளையம் அருமை, நடுப்பகுதியில் கிளிக் துல்லியம். இத்தனையும் சொன்ன பிறகும், வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இதே வகையில் வேறு தயாரிப்புகள் இருக்கின்றன, அவற்றை முதலில் பாருங்கள். என்னுடையது ரைபிளிலேயே இருக்கும். அதைக் கழற்றும் எண்ணம் இல்லை.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். ஸ்கோப்பை மேசையில் அசையாமல் வைத்து, முன் வளையத்தைக் குறைந்த தூரத்துக்குக் கொண்டுவந்து, எதிர்ச் சுவரில் உள்ள ஒரு கோட்டையோ கதவின் விளிம்பையோ பாருங்கள். மேல் திருகை எல்லை வரை ஓட்டிவிட்டுச் சில கிளிக் திரும்பி வாருங்கள். அங்கிருந்து மறுபடி ஒவ்வொன்றாக ‘மேலே’ திருப்பி, ஒவ்வொரு கிளிக்குக்குப் பிறகும் விரலால் மூடியை மெல்லத் தட்டுங்கள். தட்டும்போது கோடு குதித்தால் அந்த ஸ்கோப்பைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.