பயிர்க்காவலுக்கு 12 போரா, 16 போரா? வன்னியில் நீண்டகாலப் பாவனை அனுபவம்

நெடுங்கேணிப் பக்கத்தில் காலபோக நெல்லும் மேட்டுநிலத்தில் கச்சானும் உழுந்தும் செய்கின்ற எங்களுக்குக் காட்டுப்பன்றி புதிய தொல்லையல்ல. ஆனால் ஆண்டுக்கணக்கில் உழப்படாத காணிகள் பற்றைக்காடாகிக் கிடந்த நிலையில் மீளக்குடியேறியபோது, கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் ஓர் இரவு காவல் தவறினாலும் வயலின் ஒரு மூலை இல்லாமற் போய்விடும் என்ற நிலை வந்தது. செட்டிகுளத்திலிருந்த மாமா முதுமையால் காவலை விட்டபோது, அவருடைய 16 போர் (போர் என்பது குழலின் விட்ட அளவு) ஒற்றைக் குழல் துவக்கு முறைப்படி என் பெயருக்கு மாற்றப்பட்டது. சில போகங்களின் பின்னர், பேர்மிங்காமில் செய்யப்பட்ட பழைய 12 போர் இரட்டைக் குழல் ஒன்றும் உரிமத்துடன் கிடைத்தது. இரண்டையும் மாறி மாறிப் பாவித்ததில் அறிந்தவற்றை, புதிதாக விண்ணப்பிக்க எண்ணுவோருக்காக எழுதுகிறேன்.

ஓர் இறாத்தல் தூய ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எதுவோ, அதுவே 12 போரின் குழல் விட்டம். எண் கூடக் கூடக் குழல் ஒடுங்குவது இதனாற்றான். 12 போர் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், 16 போர் 16.8 மில்லிமீற்றர், வேறுபாடு இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லை.

பன்றிக்குப் பாவிக்கும் எஸ்.ஜி. என்ற பெருங்குண்டுத் தோட்டாவில் ஓர் அவுன்சுக்கு எட்டுக் குண்டுகள் என்பது பிரித்தானியக் கணக்கு. 12 போரின் வழமையான தோட்டாவில் ஒன்றேகால் அவுன்சுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 32 கிராம் ஈயம் இருப்பதால் ஒன்பது குண்டுகள். 16 போரில் 28 கிராமுக்கு எட்டு. வேகமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே 16 போர் பலவீனமானது என்று கடைத்தெருவில் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. இருபத்தைந்து மீற்றருக்குள் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நாற்பது மீற்றருக்கு அப்பால் இரண்டும் பன்றியைக் காயப்படுத்தி ஓட விடுகின்றன, அவ்விதம் சுடுவது அந்த விலங்குக்கும் மறுநாள் பற்றைக்குள் விறகு பொறுக்கப் போகிறவருக்கும் செய்யும் தீங்கு. துவக்கின் எடை அது எறியும் ஈயத்தின் 96 மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய துவக்குத் தொழிலாளரின் கணக்கு. அதன்படி 12 போருக்கு மூன்று கிலோகிராமும் 16 போருக்கு 2.7 கிலோகிராமும் வருகின்றன. சாமத்துக்குப் பின்னர் நனைந்த வரம்பில் ஒரு கையில் ரோச்சும் மறுகையில் துவக்குமாக நடக்கும்போது அந்த முந்நூறு கிராம் நன்றாகத் தெரியும். கைக்கு இணங்கிய துவக்கு எது என்று மட்டும் கேட்டால், என் விடை 16 போர்தான்.

எனினும் வயலுக்கு நான் கொண்டுபோவது 12 போரை. காரணம் துவக்கில் இல்லை, தோட்டாவில் இருக்கிறது. 12 போர்த் தோட்டா உரிமத்தைக் காட்டினால் கிடைத்துவிடும். 16 போருக்கு வவுனியாவில் கேட்டு, கொழும்புக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. மாமாவின் தகரப்பெட்டியில் இருந்த பழைய கடதாசித் தோட்டாக்கள் மார்கழி ஈரத்தில் ஊதிப்போய், வாய்ப்பக்கம் செதில் செதிலாக உரிந்து, துவக்கின் அறைக்குள், அதாவது தோட்டா அமரும் குழலின் பின்பகுதிக்குள், கடைசி விரலளவு தூரம் இறங்க மறுத்தன. பித்தளை அடியில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. அவற்றைத் தட்டி இறக்க முயல்வது பெரும் ஆபத்து என்பதால் பொலிஸில் ஒப்படைத்தோம். பிளாஸ்ரிக் உறை 1960இல் வந்த பின்னர் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் அடிப்பித்தளை இன்றும் களிம்பு பிடிக்கும், ஆகவே கிடுகுக் கூரைக்குள் செருகி வைக்கக் கூடாது.

இனி, பலரும் கவனிக்காத அறை நீளம். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர். இன்று விற்கப்படும் தோட்டா பெரும்பாலும் 70. சுடப்பட்டு வாய் விரிந்த உறையின் அளவே இந்த 70 ஆகும். சுடாத தோட்டா மடிப்போடு 60 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். அதனால் 65 அறைக்குள் அது எந்தத் தடையுமின்றிப் போய் அமரும், துவக்கும் மூடும். சுட்டவுடன் மடிப்பு விரிவதற்கு இடமின்றிக் குழலின் ஒடுங்கிய பகுதிக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றிவிடும். கைத்துப்பாக்கி செய்தவர்கள் இதில் முன்யோசனையோடு நடந்திருக்கிறார்கள்: .38 ஸ்பெஷல், .357 மாக்னம் என்ற இரண்டு ரிவோல்வர் ரவைகளின் குண்டும் ஏறத்தாழ ஒரே விட்டம்தான், ஆனால் 1935இல் மாக்னம் வந்தபோது, வலுக் கூடிய அந்த ரவை பழைய ரிவோல்வருக்குள் போகாதிருக்கவென்றே உறையை மூன்று மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக நீட்டினார்கள். நமது துவக்குகளில் அத்தகைய காப்பு இல்லை. கண்ணால்தான் பார்க்க வேண்டும். முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தால், அதன் அடித்தட்டையில் போர் எண்ணும், பல துவக்குகளில் அறை நீளமும், புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டதற்கான முத்திரையும் பொறிக்கப்பட்டிருக்கும். துரு மூடியிருந்தால் தையல் மெசின் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தால் தெரியும். என் 12 போரில் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர் வகை, என்றிருந்ததால் 65 தோட்டாவையே தேடி வாங்குகிறேன்.

வேறு போர்த் தோட்டாக்களை ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது. 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலுக்குள் வழுக்கிச் சென்று இடையில் சிக்கிக்கொள்ளும். அறை வெறுமையாகத் தெரிவதால் அதன் பின்னால் 12ஐ இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வழக்கமானது இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான்.

மாமாவின் நினைவாக 16 போரை வைத்திருக்கிறேன். சுடாமல் வைத்திருந்தாலும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதற்கும் உரிமம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்; சேகரிப்பு ஆசை உள்ளவர்கள் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமம் தாமதமாகிறது என்று இடியன் துவக்கையோ (நாட்டுத் துவக்கு) கட்டுத்துவக்கையோ (விலங்கு தட்டினால் தானே வெடிக்கும் பொறி) நாடுவோர் தங்கள் பிள்ளைகள் நடக்கும் பாதையிலேயே சாவை வைக்கிறார்கள். யானைக்கு எந்தப் போரும் தீர்வல்ல. அதற்கு யானை வெடியும் ஒன்றாகக் கூடிய காவலுமே.

புதிதாக வாங்குவோர் 70 மில்லிமீற்றர் அறையுள்ள 12 போரைத் தெரிவு செய்யட்டும். முதுசமாக 16 போர் வருமானால், குழலையும் அறையையும் தேர்ந்தவரிடம் காட்டி, தோட்டா எங்கே கிடைக்கும் என்பதை உறுதிசெய்த பின்னரே அதை நம்பிக் காவலுக்குப் போகட்டும்.