வெள்ளத்துக்குப் பிறகு ரோரோ தொட்டி: செந்தூல் பக்கம் ஒரு வாடகைச் சேவை

வெள்ளக் குப்பையை அள்ள, கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ரோரோ தொட்டி (லோரியிலிருந்து உருட்டி இறக்கி, மறுபடி இழுத்து ஏற்றும் பெரிய குப்பைத் தொட்டி) வாடகைக்கு விடும் இவர்களைத் தாராளமாக அழைக்கலாம். தொட்டியை இறக்குமுன்பே என்னென்ன போடப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பலர் கேட்பதே இல்லை. உடைத்த செங்கல், கான்கிரீட்டுக்குத் தனித் தொட்டி. ஊறிப்போன மெத்தையும் பலகையும் அதில் கலந்தால் கல்லை மறுபடி பயன்படுத்த முடியாது. கெட்டிக் கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன். உடைத்துக் கொட்டினாலும் பாதி எடையாவது நிற்கும். அதனால் பெரிய தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் லோரி தூக்காது. பாதியோடு நிறுத்தச் சொல்வது ஏமாற்று இல்லை.

பழைய வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை எடுக்க மறுக்கிறார்கள். மிகச் சரி. ஆஸ்பெஸ்டாஸ் கழிவு மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி அட்டவணைக் கழிவு, அதாவது தனிக் கட்டுப்பாட்டில் உள்ள அபாயக் கழிவு. உரிமம் பெற்றவர்தான் எடுக்க வேண்டும். அதுவரை அதை உடைக்காதீர்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, முழுத் தகடாகவே தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள்.

குறை இரண்டு. தொட்டிக்கு அடியில் பலகை போடுவதில்லை. தொட்டியின் உருளைகள் வாசல் தரை ஓடுகளைக் கீறிவிடும், பலகையை நீங்களே போடுங்கள். குப்பை கொட்டிய இடத்தின் ரசீதும் கேட்டால்தான் வரும். கட்டாயம் கேளுங்கள்: கோலாலம்பூரில் 672ஆவது சட்டம் (திடக்கழிவு, பொதுத் துப்புரவு பற்றியது) நடப்பில் இருக்கிறது, கண்ட இடத்தில் கொட்டுவது குற்றம். காப்புறுதி கோருபவர்கள் அள்ளுவதற்கு முன்பே, சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள்.