மூன்று டப்பா மெஷ் வைஃபை: நல்ல சாமான்தான், ஆனால் வாங்காதீர்கள்

மெஷ் வைஃபை, அதாவது வீட்டின் பல இடங்களில் வைத்த டப்பாக்கள் சேர்ந்து ஒரே வைஃபையாகத் தரும் செட், விலை இறங்கிவிட்டதாம். குடியாத்தத்திலிருந்து மச்சான் போன் செய்தான். "மாமா, உங்க வீட்ல இருக்குதே அந்த மூணு டப்பா செட்டு, ஆஃபர்ல வந்திருக்கு. போட்டுடட்டுமா?" நான் வேண்டாம் என்றேன். "இன்னா மாமா, நல்லா இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான். சொன்னேன்தான். இப்போதும் நல்லாத்தான் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம். போனில் அவசரமாக விளக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய புகழைக் கொடுத்துவிடுகிறேன். எங்கள் வீடு கொசப்பேட்டையில், தாத்தா காலத்தில் கட்டியது. கீழே சுவரெல்லாம் ஒன்றரை அடி கனம், கல்லும் சுண்ணாம்பும். மாடி பிற்பாடு எழுப்பியது. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் தெருப்பக்கத்து அறையிலேயே டப்பாவை மாட்டிவிட்டார். உள்ளே இழுத்தால் அவருக்குக் கேபிள் செலவு. அங்கிருந்து சமையலறை போவதற்குள் வைஃபையின் வேகமான அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் செத்துவிடும். மெதுவான 2.4 வந்து சேரும், ஆனால் பயனில்லை. எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் தனிப் பாதைகள், 2.4-இல் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். அந்த மூன்றுக்குள் மொத்தத் தெருவும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரௌட்டர் வாங்கச் சொன்னார்கள். ரௌட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், போன் பதில் சொல்ல வேண்டுமே. போனுக்குள் இருக்கும் ஆன்டெனா அந்தச் சுவரைத் தாண்டித் திரும்பப் பேசாது. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும், பிளக்கில் செருகும் ரிப்பீட்டரும் சரிப்படாது. கேட்பதும் சொல்வதும் ஒரே ரேடியோ என்பதால் வேகம் பாதியாகிவிடும். அட்டைப் பெட்டியில் பெரிதாக 1200 என்று போட்டிருப்பார்களே, அது 2.4-இன் வேகம் 300-ஐயும் 5-இன் வேகம் 867-ஐயும் கூட்டி, 1200 என்று உருட்டிப் போட்ட கணக்கு. எந்த ஒரு போனுக்கும் அந்த வேகம் கிடைக்காது.

அதனால்தான் மெஷ். அதையும் காற்றில் விடாமல், மூன்று டப்பாவுக்கும் கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுத்தேன். கேபிள் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவாகக் கிடைப்பதில் பாதி, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. நகத்தால் சுரண்டினால் வெள்ளை தெரியும். நல்ல செம்புக் கம்பி நூறு மீட்டர் வரை நொடிக்கு ஒரு ஜிகாபிட்டைத் தாராளமாகக் கொண்டுபோகும். வீட்டுக்குள் அவ்வளவு தூரமே வராது. பழைய ஆன்டெனா வயருக்குப் போட்ட குழாய் ஒன்று மாடிப்படி ஓரமாகச் சும்மா கிடந்தது. அதற்குள்ளேயே மாடிக்குப் போய்விட்டது. மொட்டை மாடித் தண்ணீர் தொட்டி வரை சிக்னல். அம்மா பூஜை அறையில் உட்கார்ந்து அமெரிக்காவிலிருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேசுகிறாள், ஒரு முறைகூட முகம் உறைந்து நிற்கவில்லை. போனில் பேசிக்கொண்டே கீழிருந்து மாடிக்கு ஏறலாம், டப்பா மாறியதே தெரியாது. இவ்வளவும் உண்மை.

இப்போது வேலூர் வெயிலுக்கு வருவோம். சித்திரை பிறந்தால் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும், கரண்ட் போகும், வரும். போவதுகூடப் பரவாயில்லை. கண் சிமிட்டும் நேரம் போய்விட்டு வருகிறதே, அதுதான். இன்வெர்ட்டர் 'டக்' என்று பேட்டரிக்கு மாறும். மின்விசிறி நிற்காது, விளக்கு லேசாகச் சிமிட்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சிமிட்டலுக்கு மூன்று டப்பாவும் விழுந்து எழும். முதலில் வெள்ளை விளக்கு, அப்புறம் நீலம் மின்னும், அப்புறம் சிவப்பு. தாய் டப்பா எழுந்து இணையத்தைப் பிடித்த பிறகுதான் மற்ற இரண்டும் அதைத் தேடவே ஆரம்பிக்கும். மாடி டப்பா சிவப்பிலேயே நிற்கும்போது வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

சரி, எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கதை அதோடு முடிவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் நடுவிலிருக்கும் சில சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. அந்தச் சேனலில் உட்கார வேண்டுமானால் ரௌட்டர் முதலில் ஒரு நிமிடம் வாயை மூடிக் காது கொடுத்து, ரேடார் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. இந்த டப்பாவுக்கு எப்போதும் அந்த நடுச் சேனல்கள் மேல்தான் ஆசை. அது காது கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு நிமிடத்தில் போன்களெல்லாம் 2.4-ஐப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை விடாது. போனில் வைஃபையை அணைத்துப் போட்டால்தான் பழைய வேகம்.

தீர்வு ரொம்பச் சுலபம்: சேனலை, ரேடார் விதி இல்லாத 36 என்று நிறுத்திவிட்டால் போதும், காத்திருப்பே இல்லை. பழைய சாதாரண ரௌட்டரில்கூட அதற்கு ஒரு மெனு இருந்தது. இதில் கிடையாது! ஆப்பைத் திறந்தால் பிள்ளைகளுக்குத் தூங்கும் நேரம் வைக்கலாம், விருந்தாளிக்குத் தனி வைஃபை கொடுக்கலாம், டப்பாவுக்கு 'ஹால்', 'மாடி' என்று பெயர் சூட்டலாம். சேனல் மட்டும் தொட முடியாது. 'தானியங்கி' என்று சாம்பல் நிறத்தில் எழுதியிருக்கும். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், ரீசெட் செய்து பாருங்கள் என்று பதில் வருகிறது. வேறு எதைக் கேட்டாலும் அதே பதில்தான். இணையம் போன நேரத்தில் இந்த ஆப் திறக்கவே திறக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போது தேவையோ அப்போது இல்லை.

நியாயமாகப் பார்த்தால் கரண்ட் சிமிட்டுவது டப்பா கம்பெனியின் குற்றமில்லை. பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். தட்டினால் மாறும் நேரம் குறையும், டப்பா விழாது. எங்கள் வீட்டில் அதையும் தட்டிப் பார்த்தாயிற்று. ஆனால் அந்த மோடில் 180 வோல்ட்டுக்குக் கீழே வந்தாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். எங்கள் தெருவில் மே மாத ராத்திரி வோல்டேஜ் அதற்கும் கீழேதான். கரண்ட் இருக்கும்போதே பேட்டரி கரைந்தது. திரும்பப் பழையபடி மாற்றிவிட்டேன்.

கடைசியில் காப்பாற்றியது, டப்பாவுக்கென்றே பேட்டரியோடு வரும் 12 வோல்ட் மினி யுபிஎஸ். ஃபைபர் டப்பாவுக்கும் தாய் டப்பாவுக்கும் சேர்த்து ஒன்று. அடாப்டரின் முதுகில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதைக் கூட்டிப் பார்த்து, அதற்குத் தாங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். மற்ற இரண்டு டப்பாவுக்கும் இதே வேண்டும் என்றால் இன்னும் இரண்டு. ஆஃபரில் மிச்சமான காசு அங்கேயே போய்விடும். அதனால்தான் மச்சானுக்கு வேண்டாம் என்றேன். அவன் வீடு சின்னது, செங்கல் சுவர். நடு ஹாலில் ஒரு சாதாரண ரௌட்டர், படுக்கையறைக்குக் கேபிளில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் (அங்கே வைஃபை கொடுக்கும் தனி டப்பா), சேனல் மெனு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து வாங்கினால் பாதிச் செலவு.

எனக்கு? பின்கட்டில் வாடகைக்கு விட ஒரு அறை கட்டிக்கொண்டிருக்கிறோம். அங்கே சிக்னல் எட்டவில்லை. இதே டப்பா தனியாக ஒன்று, அதே ஆஃபரில் நேற்று ஆர்டர் போட்டுவிட்டேன். வேறு கம்பெனி டப்பா இதோடு சேராதாம்.