டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி105: கிளிநொச்சி வீட்டில் நான்கு மாதம்

கிளிநொச்சியில் கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுப்பது என் தொழில். 2009க்கு முன்னர் எடுத்த ஒரு படம்கூட எங்கள் வீட்டில் மிஞ்சவில்லை. அதனால் இப்போது எடுக்கும் எதையும் நான் அழிப்பதில்லை. பின்னறையில் ஒரு லப்டொப்பில், வீட்டுக்குள்ளேயே வீடியோவை ரிவிக்கு அனுப்புகிற ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். கலியாண வீட்டுக்காரர் வந்தால் ஹோலில் உள்ள ரிவியில் போட்டுக் காட்டுவேன்.

ஒருநாள் தாலி கட்டுகிற இடத்தில் படம் நின்று வட்டம் சுற்றத் தொடங்கியது. பொம்பிளையின் அம்மா பதறிப்போய், "அழிஞ்சுபோச்சோ தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

காரணம் சின்னக் கணக்குத்தான். என் கமரா 4கேயில் நொடிக்கு 100 மெகாபிட் பதிகிறது. பின்னறையில் இருந்த பழைய சுவிட்சின், அதாவது வீட்டுக் கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டியின், உச்சமும் அதே 100. இணையத்தில் தொடர் பார்க்கிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. 4கேக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 மெகாபிட்தான். சொந்தக் கோப்பைச் சுருக்காமல் ஓடவிடுகிறவருக்குத்தான் ஜிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் தேவை.

அதற்காக வாங்கிய ஜிகாபிட் சுவிட்ச்தான் இந்த எஸ்ஜி105. கைக்கு அடக்கமானது. இரும்புப் பெட்டி, ஐந்து போர்ட், விசிறி இல்லை, சத்தம் இல்லை. அமைப்பு எதுவும் செய்யத் தேவையில்லை, கேபிளைக் குத்தினால் சரி. ஆனால் குத்திய பிறகும் ஹோலில் உள்ள ரவுட்டர் பக்க வேகம் 100இலேயே நின்றது. சுவிட்ச் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன்.

பழுது சுவரில் இருந்தது. வீடு கட்டும்போது கேபிள் இழுத்தவர், எட்டுக் கம்பியில் நான்கை நெட்டுக்கும் மற்ற நான்கை டெலிபோனுக்கும் பிரித்துவிட்டிருந்தார். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும்; ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 18 மீற்றர் புதிதாக இழுத்தேன். கேபிள் தரத்தில் கேட்5ஈ போதும், எனக்குக் கிடைத்தது அதைவிடக் கூடிய கேட்6. வாங்கும்போது ஒரு கம்பியைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

இப்போது மேசைக் கணினியிலிருந்து லப்டொப்புக்கு நொடிக்கு 110 மெகாபைட் அளவில் போகிறது (ஒரு பைட் என்பது எட்டு பிட்). முன்பு 11. நிரம்பிய 64 ஜிபி கார்ட் ஒன்றை ஏற்ற ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்த எனக்குப் பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. இரவு இரண்டு மணிக்கு மண்டபத்திலிருந்து வந்து, கார்டைப் பிரதி எடுத்துவிட்டுத்தான் படுப்பேன். அந்த நித்திரையைத் திருப்பித் தந்தது இந்தப் பெட்டி.

ஆனாலும் ரிவியில் படம் இன்னும் இடைக்கிடை நின்றது! ரிவியின் பின்னால் உள்ள லான் போர்ட்டே 100தான். விலை கூடிய ரிவிகள் பலவற்றிலும் இப்படித்தான் வைக்கிறார்கள், இது எனக்குக் கோபம் தருகிற விஷயம். ரவுட்டர் அதே ஹோலில் இருப்பதால் ரிவியின் கேபிளைக் கழற்றிவிட்டு 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் இணைத்தேன். அதோடு படம் இடையில் நிற்பது நின்றது. சுவிட்ச் வாங்கும் முன் உங்கள் ரிவியின் போர்ட் வேகத்தையும் பாருங்கள்.

ஐப்பசி இடிக்கு இங்கே எதையும் நம்ப முடியாது. வானம் இருண்டால் பிளக்கையும் கேபிளையும் சேர்த்தே கழற்றுகிறேன். வளவுக்குள் அம்மாவின் வீடு தனியாக இருக்கிறது. அதற்குச் செம்புக் கேபிள் இழுக்க நான் விரும்பவில்லை. மின்னல் கடத்தாத ஃபைபர்தான் போடுவேன்.

அதற்கும் ஒரு போர்ட் வேண்டும். ரவுட்டர், லப்டொப், மேசைக் கணினி, மகனின் கணினி, பிரிண்டர் என்று ஐந்தும் நிரம்பிவிட்டன. இன்று வாங்கினால் எட்டுப் போர்ட் உள்ள எஸ்ஜி108ஐத்தான் எடுப்பேன்.